முப்பது வீட்டுத் தயிர்

ஒரு ஊர்ல ஒரு தயிர் இருந்துச்சாம்.

சிரிக்காத. எல்லாக் கதையிலயும் ராஜாவும் நரியும்தான் இருக்கணுமா, இந்தக் கதையில தயிர். நீ சுவரோரமா தள்ளிப் படு, போர்வையை இழுத்துக்கோ. நடுநடுவுல "ம்" போடணும். "ம்" வரலேன்னா கதையை அப்படியே விட்டுட்டு நான் திரும்பிப் படுத்துருவேன், தெரியும்ல.

"ம்."

அந்த ஊருக்குப் பேரு நாணல்கரை. ஆத்தை ஒட்டி முப்பது வீடு. ஆறு சலசலன்னு ஓடும். மாடெல்லாம் அக்கரையில மேஞ்சிட்டு சாயங்காலம் ஆத்துல நீந்தித்தான் வீட்டுக்கு வரும். பாலுக்குக் குறைச்சலே இல்ல. அப்போ தயிருக்கும் குறைச்சல் இல்ல. ஆனா அங்க ஒரு பழக்கம் உண்டு. யாரும் தன் வீட்டுத் தயிரை எடுத்துத் தன் வீட்டுப் பால்ல உறை ஊத்த மாட்டாங்க. பக்கத்து வீட்டுல போய் ஒரு கரண்டி வாங்கிட்டு வந்துதான் ஊத்தணும். முதல் வீட்டுத் தயிர் ரெண்டாவது வீட்டுக்கு உறை. ரெண்டாவது வீட்டுத் தயிர் மூணாவது வீட்டுக்கு உறை. இப்படியே போயி, முப்பதாவது வீட்டுத் தயிர் திரும்ப முதல் வீட்டுக்கு வரும்.

அதுவும் சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே வாங்கிரணும். விளக்கு வச்சாச்சுன்னா யார் வீட்டுத் தயிரும் வாசல் தாண்டாது. ஏன்னு கேக்காத, எனக்கும் யாரும் சொல்லல. ஒரு கரண்டி உறை வாங்கப் போறவ சும்மா வருவாளா? உட்கார்ந்து ஒரு மூச்சு பேசிட்டுத்தான் வருவா. எந்த வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சல், யாரு மாடு சினையா இருக்கு, எவ புருஷன்கூட மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா, எல்லாம் அந்தக் கரண்டியோட சேர்ந்து ஊரைச் சுத்தும். புரியுதா?

"ம்."

அந்த ஊர்ல ஆவுடைன்னு ஒருத்தி இருந்தா. கைக்குழந்தையா இருக்கும்போதே அவ அப்பா, அம்மா ரெண்டு பேரும் காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டாங்க. பிள்ளையை யார் வளர்க்கிறதுன்னு ஊர் கூடுச்சு. நான் வளர்க்கிறேன், நான் வளர்க்கிறேன்னு ஒரே சண்டை. கடைசியில வீட்டுக்கு ஒரு நாள்னு முடிவாச்சு. முப்பது நாள், முப்பது வீடு. இன்னைக்கு ஒரு வீட்டுல சோறு, தூக்கம், குட்டு எல்லாம். நாளைக்கு அடுத்த வீட்டுல.

"மாசத்துல முப்பத்தோரு நாள் வந்தா?"

பாரு, இதை மட்டும் கேக்கத் தூக்கம் வராது உனக்கு. முப்பத்தோராம் நாள் எந்த வீட்டுல பணியாரம் சுடுறாங்களோ அந்த வீட்டுல. அப்படித்தான் வளர்ந்தா ஆவுடை. வளர்ந்து உன் சித்தி அளவுக்கு ஆயிட்டா. எல்லா வீட்டு மாடும் அவளுக்குப் பழக்கம், எந்த மாட்டையும் கறந்துருவா. எனக்குன்னு ஒரு வீடு இல்லையேன்னு அவ ஒரு நாளும் நெனச்சதில்ல. முப்பது வீடு இருக்கும்போது எதுக்கு நெனைக்கணும்?

அப்புறம் ஒரு ஐப்பசியில மழை புடிச்சுது. சட சட சடன்னு மூணு நாள் விடாத மழை. ஆறு ஏறிக்கிட்டே வருது. முதல்ல படித்துறை போச்சு. அப்புறம் ஆலமரத்தடி போச்சு. மூணாம் நாள் காலையில தண்ணி வாசப்படிக்கு வந்துருச்சு. ஊர்ப்பெரியவர் வேலாண்டித் தாத்தா, "வண்டியைக் கட்டுங்கப்பா, இனி இங்க நிக்க முடியாது"ன்னுட்டார். எல்லாரும் சாமான் சட்டியை ஏத்திக்கிட்டு, மாட்டைப் பத்திக்கிட்டு, தூரத்துல மேடா இருந்த இடத்துக்குக் கிளம்பினாங்க. திரும்பிப் பார்த்தா ஊர் இருந்த இடத்துல தண்ணிதான் இருந்துச்சு. ஒரு உசிரும் போகல, அதுவரைக்கும் பெரிய நிம்மதி.

அவங்க போய்ச் சேர்ந்த இடம் செம்மேடு. ஒரே செம்மண்ணு. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் வேற ஊரே கிடையாது. இடம் தாராளமா கிடக்கா, அவனவன் எட்ட எட்டத் தள்ளி வீடு கட்டிக்கிட்டான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல கத்தினாக்கூடக் கேக்காது. நாலு நாள்ல கூரை போட்டாச்சு, அடுப்பு வச்சாச்சு, மாடு கறந்தாச்சு, பாலைக் காய்ச்சியாச்சு. கோமுப் பெரியம்மான்னு ஒருத்தி, அவ வீடுதான் அந்த ஊருக்கு முதல் வீடு. அவ கிண்ணத்தை எடுத்துக்கிட்டு முப்பதாவது வீட்டுக்கு, அதான் வேலாண்டித் தாத்தா வீட்டுக்கு, வேர்க்க விறுவிறுக்க நடந்து போனா. தாத்தா சம்சாரம் பிச்சம்மா முழிச்சா.

"என்கிட்ட ஏது தயிர்? நான் சட்டியைக் கழுவித்தானே வண்டியில வச்சேன். என் உறை இருபத்தொன்பதாவது வீட்டுல இருக்கும், போய் வாங்கிட்டு வந்து நாளைக்குத் தர்றேன்."

இருபத்தொன்பதாவது வீட்டுல கேட்டா, அவ சொல்றா, "என் உறை இருபத்தெட்டாவது வீட்டுல இருக்கும்." இருபத்தெட்டாவது வீட்டுக்காரி, "நானும் கழுவிட்டேன்." இப்படியே விசாரிச்சுக்கிட்டு வந்தா, முப்பது வீட்டுச் சட்டியும் பளபளன்னு இருக்கு. ஒருத்திகிட்டயும் ஒரு சொட்டுத் தயிர் இல்ல. உறைதான் எப்பவும் பக்கத்து வீட்டுல இருக்குமே. அவ கொண்டாருவான்னு இவளும், இவ கொண்டாருவான்னு அவளும், எல்லாரும் கழுவிக் கவுத்திட்டாங்க. அம்மிக்கல்லை ஏத்தியிருக்காங்க, உடைஞ்ச முறத்தை ஏத்தியிருக்காங்க, ஒரு கலயம் தயிரை ஏத்த ஒருத்திக்கும் தோணல. என்னத்தைச் சொல்ல.

தூங்கிட்டியா?

"இல்ல. அப்புறம்?"

அப்புறம் என்னென்னவோ பண்ணிப் பார்த்தாங்க. ஒருத்தி புளியைப் போட்டா, பால் திரிஞ்சு போச்சு. ஒருத்தி எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா, அதுவும் திரிஞ்சுது. இன்னொருத்தி மிளகாய்க் காம்பைப் போட்டு வச்சா. அது உறைஞ்சுது, உறையாம இல்ல. ஆனா கரண்டியை விட்டுத் தூக்கினா வழவழன்னு நூல் நூலா வருது. பிள்ளைங்க ஒரு வாய் வச்சுட்டுத் துப்பிட்டுதுங்க.

தயிர் போனா போகுது, குழம்பை ஊத்திச் சாப்பிடலாம்னு ஆம்பிளைங்க சொன்னாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? சாயங்காலமானா கிண்ணத்தைத் தூக்கிட்டுக் கிளம்ப வேலை இல்லாமப் போச்சு. கிளம்பலேன்னா பேச்சு இல்ல. பேச்சு இல்லேன்னா பக்கத்து வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாக்கூடத் தெரியல. அவங்கவங்க வீட்டு வாசல்ல அவங்கவங்க உட்கார்ந்து செம்மண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு மாசம் ஆச்சு. ஒருத்தி சொன்னா, எங்க அம்மா ஊருக்கே போயிரலாம்னு. இன்னொருத்தி சொன்னா, எங்க அண்ணன் ஊர்ல நிலம் இருக்குன்னு. அப்போ வேலாண்டித் தாத்தா ஊரைக் கூட்டினார்.

"இந்த மண்ணு நமக்கு ஒட்டலப்பா. இன்னையிலேருந்து ஆறாம் நாள் சாயங்காலம், வெயில் தாழ வண்டியைக் கட்டிருவோம். அவங்கவங்க சொந்தக்காரங்க இருக்குற ஊருக்குப் போய்ப் பொழைச்சுக்கோங்க"ன்னார்.

எல்லாரும் தலையை ஆட்டுனாங்க. ஆவுடை மட்டும் தலையை ஆட்டல. எல்லாருக்கும் போறதுக்கு ஒரு ஊர் இருக்கு. அவளுக்கு? "எங்ககூட வந்துரு ஆவுடை"ன்னு முப்பது வீட்டுலயும் கூப்பிட்டாங்க, கூப்பிடாம இல்ல. ஆனா முப்பது வீடும் சேர்ந்து இருந்தாத்தான் அவளுக்கு அது ஊரு, வீடு, எல்லாம். ஒரு வீட்டுக்காரங்க பின்னாடி போனா, யாரோ ஒரு ஊர்ல யார் வீட்டுலயோ ஒண்டிக்கிட்டு இருக்குறவளா ஆயிருவா. அன்னைக்கு அவ சாப்பிடவே இல்ல. அழுதா. அழுதுக்கிட்டே யோசிச்சா.

அப்போ அவளுக்குப் பூரணத்து ஞாபகம் வந்துச்சு. பூரணம் அவகூட விளையாடினவ. ஆறு வருஷத்துக்கு முன்னாடி மலையடிவாரத்துல ஒரு ஊருக்குக் கட்டிக் குடுத்தாங்க. கட்டிக் குடுக்கும்போது நாணல்கரைப் பொண்ணுக்குக் குத்துவிளக்கோட ஒரு கலயம் தயிரும் குடுத்து விடுவாங்க. அந்தத் தயிர் இன்னும் உசிரோட இருந்தா?

"தயிருக்கு உசிர் இருக்கா ஆச்சி?"

பின்ன? தினம் புதுப்பால் குடுக்கணும் அதுக்கு. குடுத்தா நூறு வருஷம் இருக்கும். குடுக்காம வெயில்ல போட்டா ரெண்டே நாள்ல புளிச்சு, பூத்து, செத்துப் போகும். மலையடிவாரத்துக்கு மூணு நாள் நடை. போக மூணு, வர மூணு. நடுவுல ஒரு நாள் உடம்பு சரியில்லேன்னு படுக்கக்கூட இடம் கிடையாது. ஆவுடை யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல, கோமுப் பெரியம்மாகிட்ட மட்டும் ஒரு சின்னக் கலயத்தைக் கேட்டு வாங்கினா. விடிஞ்சதும் விறுவிறுன்னு நடையைக் கட்டிட்டா.

மூணாம் நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தா. பூரணம் அவளைப் பார்த்ததும் கட்டிப் புடிச்சுக்கிட்டா. "எங்க வீடு எப்படி இருக்கு?"ன்னு கேட்டா. "தண்ணிக்குள்ள இருக்கு பூரணம், ஆனா எல்லாரும் நல்லா இருக்காங்க"ன்னா ஆவுடை. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதாங்க. அப்புறம் தயிரைக் கேட்டா, பூரணம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"இருக்கு. ஆனா நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். இங்க பக்கத்து வீட்டுல நம்ம உறை கிடையாதுல்ல. அதனால என் தயிரையே எடுத்து என் பால்ல ஊத்திக்கிட்டேன். ஆறு வருஷமா அப்படித்தான். ஊர்ல சொல்லிராத."

ஆவுடைக்குச் சிரிப்பு தாங்கல. முப்பது வீட்டுல முறையை ஒழுங்கா காப்பாத்தினவ எல்லாம் சட்டியைக் கழுவிட்டு நிக்கிறா, மீறினவகிட்டதான் தயிர் இருக்கு. "நீ மகராசியா இருப்ப"ன்னு சொல்லி, விடியக்காலையில கலயம் நிறைய வாங்கிக்கிட்டு, வாயைத் துணியால கட்டி, தலையில வச்சுக்கிட்டுக் கிளம்பினா. ம்?

"ம்."

முதல் நாள் பூரா நடந்தா. சாயங்காலம் ஒரு ஆட்டுக்கிடை தெரிஞ்சுது. ம்மே, ம்மேன்னு இருநூறு ஆடு. ஆடு மேய்க்கிற கீதாரியோட சம்சாரம் சுள்ளி பொறுக்கிட்டு இருந்தா. ஆவுடை போயி, "யக்கா, இதுக்குக் கொஞ்சம் பால் வேணும், இல்லேன்னா செத்துப் போகும்"ன்னா. அவ, "எங்ககிட்ட ஆட்டுப்பால்தான் இருக்கு தாயி"ன்னா. நாணல்கரைத் தயிர்ல ஆட்டுப்பால் பட்டதே கிடையாது. ஆவுடை நின்னு யோசிச்சா. ஊர்ல என்ன சொல்லுவாங்களோன்னு யோசிச்சா. அப்புறம், செத்த தயிரைக் கொண்டு போறதுக்கு ஆட்டுத் தயிரைக் கொண்டு போலாம்னு முடிவு பண்ணினா. பாலைக் காய்ச்சி ஆறவச்சு, பொழுது அடையுறதுக்குள்ள ஒரு கரண்டியை ஊத்திட்டுப் படுத்தா. காலையில பார்த்தா கெட்டியா உறைஞ்சிருக்கு. பால் வாங்கினா உறை குடுக்காம வர்றது அவ ஊர் வழக்கம் இல்ல. பாதியைக் கீதாரி சம்சாரத்துக்குக் குடுத்துட்டு, பாதியை எடுத்துக்கிட்டா.

ரெண்டாம் நாள் சாயங்காலம் ஒரு ஒத்தை வீடு. வாசல்ல ஒரு எருமை. வீட்டுக்காரிக்கு ஒரு கை உடைஞ்சு, தூளி கட்டித் தொங்கப் போட்டிருக்கு. "பாலா? அந்த மூதேவி உதைச்சுத்தான் என் கை போச்சு. முடிஞ்சா நீயே கறந்துக்கோ"ன்னுட்டா. ஆவுடை செம்பை எடுத்துக்கிட்டுக் கிட்டப் போனா. தொபுக்கடீர். செம்பு ஒரு பக்கம், ஆவுடை ஒரு பக்கம். எழுந்து மண்ணைத் தட்டிட்டு மறுபடி போனா. மறுபடி தொபுக்கடீர். மூணாம் தடவை அவ செம்பை எடுக்கவே இல்ல. வெறுங்கையைத் தண்ணியில நனைச்சு, எருமை முதுகுல வச்சுத் தடவிக்கிட்டே, "எனக்கும் ஊர் இல்லடி, உனக்கும் கறக்க ஆள் இல்ல, நாம ரெண்டு பேரும் சண்டை போட்டா ஆகுமா"ன்னு பேச்சுக் குடுத்தா. எருமை காதை ஆட்டிக்கிட்டுக் கேட்டுச்சு. அப்புறம் சொர் சொர்னு பால் வந்துச்சு. அன்னைக்கும் உறை விழுந்துச்சு. காலையில அந்த வீட்டுக்காரிக்கும் பாதியைக் குடுத்துட்டு வந்தா. மடியில கனம் இல்ல, இடுப்புதான் வலிச்சுது.

மூணாம் நாள்தான் பெரிய சோதனை. வழியில ஒரு வீடு இல்ல, ஒரு ஆடு இல்ல. மழை மாசம்னுதான் பேரு, வெயிலோ நெருப்பா கொளுத்துது. உச்சி நேரத்துக்குக் கலயத்தைத் தொட்டா சுடுது. துணியை அவுத்துப் பார்த்தா தயிர்ல சின்னச் சின்னக் குமிழி வருது. இன்னும் ரெண்டு நாழி இந்த வெயில்ல நடந்தா தயிர் போயிரும். நிழல்ல உட்கார்ந்தா தயிர் பிழைக்கும், ஆனா அங்க வண்டி கிளம்பிரும். ஓடவும் முடியல, உட்காரவும் முடியல. என்ன பண்ணினா?

"உட்கார்ந்தா."

எப்படி கண்டுபுடிச்ச? ஆமா, உட்கார்ந்தா. ஒரு காஞ்ச ஓடை இருந்துச்சு, கரையில ஒரு புங்கமரம். மணலைத் தோண்டுனா, ஒரு முழம், ரெண்டு முழம், மூணு முழத்துல ஈரம் கசிஞ்சுது. கலயத்தை அந்த ஈர மணல்ல கழுத்து வரைக்கும் புதைச்சு, முந்தானையை நனைச்சு மேல போட்டு, பக்கத்துலயே உட்கார்ந்துட்டா. வாழ்நாள்ல அவ்வளவு கஷ்டமான வேலை அவ பார்த்ததில்ல, சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை. மனசெல்லாம் அங்கதான் இருக்கு. இப்போ மாட்டைப் புடிச்சிருப்பாங்க, இப்போ கூரையைப் பிரிச்சிருப்பாங்கன்னு. ஆனா எந்திரிக்கல. நிழல் கிழக்க நீண்ட பிறகுதான் கலயத்தைத் தோண்டி எடுத்தா. ஜில்லுன்னு இருந்துச்சு. தலையில வச்சுக்கிட்டு ஒரே ஓட்டம். குலுங்காம ஓடணும், பார்த்துக்கோ.

செம்மேட்டுல வண்டி கட்டியாச்சு. முப்பது வண்டி வரிசையா நிக்குது. பொழுது அடைஞ்சு மங்கலா வருது. வேலாண்டித் தாத்தா முதல் வண்டியில லாந்தரை மாட்டி, பொருத்தப் போறார். அப்போதான் தூரத்துலேருந்து ஒரு குரல்.

"தாத்தா, விளக்கைப் பொருத்தாதீங்க. விளக்கைப் பொருத்தாதீங்க, தயிர் கொண்டாறேன்."

தாத்தா கை அப்படியே நின்னு போச்சு. புரியுதா, ஏன்னு? விளக்குப் பொருத்திட்டா அப்புறம் உறை குடுக்க முடியாதுல்ல.

"ம்."

ஆவுடை வந்து மூச்சு வாங்க நின்னா. கலயத்தைக் கோமுப் பெரியம்மா கையில குடுத்தா. கோமு துணியை அவுத்தா, மோந்து பார்த்தா, விரலால தொட்டு நாக்குல வச்சா. எல்லாரும் அவ வாயையே பார்க்குறாங்க. கோமுப் பெரியம்மா புருவத்தைச் சுருக்கினா. "இதுல ஆட்டுப்பால் சேர்ந்திருக்கு"ன்னா. ஆவுடை, ஆமான்னா. இன்னொரு தடவை நக்கிப் பார்த்தா. "எருமைப்பாலும் சேர்ந்திருக்கு." ஆமான்னா. மூணாம் தடவை கோமு விரலால தொடல, கொஞ்சம் அள்ளியே வாயில போட்டுக்கிட்டா. கண்ணை மூடிக்கிட்டு முழுங்கினா. அப்புறம் திரும்பி அவ புருஷனைப் பார்த்து ஒரு அதட்டல்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? மாட்டை அவுருங்க, பாலைக் கறந்து காய்ச்சணும்ல."

அவ்வளவுதான். ஒரு வண்டி மாடு அவுத்தாச்சு. தாத்தா லாந்தரைக் கீழ வச்சுட்டார். அப்புறம் ரெண்டாவது வீட்டுக்காரி சொன்னா, "அப்போ நாளைக்கு எனக்கு." மூணாவது வீட்டுக்காரி, "நாளன்னைக்கு எனக்கு." எல்லாரும் விரலை மடக்கி எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. முறைன்னா முறை, ஒரு நாளைக்கு ஒரு வீடுதான். ஆவுடைக்கு ஒரு குறும்பு. பூரணம் பண்ணின வழியைச் சொல்லியிருந்தா அஞ்சே நாள்ல எல்லாச் சட்டியும் நிறைஞ்சிருக்கும். அவ வாயைத் திறக்கல. பூரணத்துக்கு வாக்குக் குடுத்திருக்கா, அது ஒண்ணு. இன்னொண்ணு, உனக்கே தெரியும்.

பிச்சம்மா மட்டும் முணுமுணுத்தா. "எங்க வீடு முப்பதாவது வீடு. இன்னும் ஒரு மாசம் நாங்க என்ன பண்றது?" தாத்தா சொன்னார், "என்ன பண்றது, இருக்க வேண்டியதுதான். வாங்காமலா போறது?" சொல்லிட்டு அவரே முதல்ல சிரிச்சார். முப்பது வண்டியையும் அவுத்தாங்க. மாடெல்லாம் உடம்பைச் சிலிர்த்துக்கிட்டு அதது தொழுவத்துக்குப் போச்சு. ஆவுடை அங்கேயே மண்ணுல உட்கார்ந்து, யாரோ குடுத்த தண்ணியைக் கடகடன்னு குடிச்சா. ஆறு நாளா புடிச்சு வச்சிருந்த மூச்சை அப்போதான் விட்டா.

நீயும் விட்டுக்கோ. இனி பயம் ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லதுதான்.

"ம்."

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஒருத்தி கிண்ணத்தோட நடந்தா. எட்ட எட்ட வீடு, அதனால போறவ களைச்சுப் போயி கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வந்தா. நடந்து நடந்து வீட்டுக்கு வீடு தடம் விழுந்துச்சு. நடுவுல நின்ன முள்ளை வெட்டினாங்க. பத்தாம் நாள் மழை பெஞ்சுது, சும்மா இருப்பானேன்னு சோளத்தை விதைச்சாங்க. செம்மண்ணுல சோளம் மளமளன்னு வந்துச்சு, ஆத்தங்கரையில அவ்வளவு நல்லா வந்ததே இல்லையாம். பதினேழாவது வீட்டுல ஒரு பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. இருபதாம் நாள் கீதாரி ஆட்டோட வந்து சேர்ந்தான். அவன் சம்சாரம் தயிர்க் கலயத்தைக் காட்டி, "தாயி, உன் தயிர் நல்லா இருக்கு, இங்கயே வயல்ல கிடை போட்டுக்கட்டுமா?"ன்னா. போட்டாங்க. சோளத்துக்கு எருவும் ஆச்சு.

ஆவுடை பழையபடி வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிட்டா, பகல்ல எல்லா வேலையும் பார்த்தா. முப்பதாவது வீட்டுக்கும் முதல் வீட்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி கிடந்துச்சு. அங்க ஆம்பிளைங்க சேர்ந்து ஒரு மண்சுவர் எழுப்பிக்கிட்டு இருந்தாங்க. "என்ன மாமா இது?"ன்னு ஆவுடை கேட்டா. "கன்னுக்குட்டிக்குத் தொழுவம்"ன்னாங்க. சரின்னு அவளும் சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு மண்ணு மிதிச்சா, கீத்து முடைஞ்சா. "கன்னுக்குட்டிக்கு எதுக்கு ஜன்னல்?"ன்னு கேட்டா. "காத்து வேணும்ல"ன்னாங்க. "கன்னுக்குட்டிக்கு எதுக்கு அடுப்பு?"ன்னு அவ கேக்கல, ஏன்னா அடுப்பை அவ இல்லாதப்போ போட்டாங்க. ஊரைக் காப்பாத்தின புத்திசாலிக்கு இது புரியல பாரு.

அப்புறம் முப்பதாம் நாளும் வந்துச்சு. பிச்சம்மா வீட்டுல தயிர் உறைஞ்சுது. தாத்தா ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் முதல் வீட்டுக்குப் போகணும். ஆனா கோமுப் பெரியம்மா கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வரல. சாயங்காலம் ஆகப் போகுது, அவளைக் காணோம். ஆவுடை பதறிப் போயி ஓடுனா. "பெரியம்மா, பொழுது போகுது, உறை வாங்க வரலியா? இத்தனை பாடுபட்டு முறை விட்டுப் போயிரும்."

கோமு நிதானமா வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "பிச்சம்மா வீட்டுக்கு அடுத்த வீடு என் வீடு இல்லடி. நடுவுல ஒண்ணு இருக்குல்ல"ன்னா.

"அது கன்னுக்குட்டித் தொழுவம்."

"போய்ப் பாரு"ன்னா.

போய்ப் பார்த்தா, ஊரே அங்க நிக்குது. வாசல்ல கோலம் போட்டிருக்கு. உள்ள அடுப்பு, அடுப்பு மேல காய்ச்சி ஆறவச்ச பால், பக்கத்துல ஒரு புதுச் சட்டி. பிச்சம்மா கரண்டியோட நிக்கிறா. "எவ்வளவு நேரம் நான் நிக்கிறது, உன் சட்டியைக் கொண்டா"ன்னா. ஆவுடை சட்டியை எடுத்தா. பிச்சம்மா உறையை ஊத்திட்டு, "நல்லா மூடி வை, பூனை வரும்"னு சொல்லிட்டுப் போனா. அன்னைக்குத்தான் ஆவுடை முதல் தடவையா தன் வீட்டுல படுத்தா. தூக்கம் வரல, சட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கிட்டே இருந்தா. அப்படிப் பார்த்தா தயிர் உறையாதுன்னு அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிஞ்சும் பார்த்தா. காலையில எப்படியோ உறைஞ்சிருந்துச்சு.

அன்னைக்குப் பூரா வாசலைக் கூட்டினா, அடுப்பை மெழுகினா, மறுபடியும் வாசலைக் கூட்டினா. வெயில் தாழ, செம்மண் தடத்துல ஒரு ஆள் வர்றது தெரிஞ்சுது. கோமுப் பெரியம்மா. ஆவுடைக்கு சோறு ஊட்டினவ, தலை வாரினவ, குட்டினவ, அவளுக்குக் கலயம் எடுத்துக் குடுத்தவ. நேரா உள்ள வரலாம், அவளை யார் தடுப்பா? வரல. வாசல்லயே நின்னா. கிண்ணத்தை நீட்டினா.

"ஆவுடை, வீட்டுல இருக்கியா? கொஞ்சம் உறை குடும்மா."

ஆவுடை ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்துல ஊத்தினா. அப்புறம் அழுதுட்டா. பெரியம்மாவும் அழுதா. அழுது முடிச்சு, உட்கார்ந்து, விளக்கு வைக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தாங்க.

அவ்வளவுதான் கதை. உறை ஊத்துன சட்டியை ஆட்டக் கூடாது. நீயும் ஆடாம, அசையாம, அப்படியே உறைஞ்சு தூங்கு.